கடன் முடிந்த மறுமாதம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எனக்கு 41 வயது, அவருக்கு 44. அவருடையது வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. ஆறு வருடமாகக் கடனில் இருந்தோம். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், என் அக்காவிடம் வாங்கிய கைமாற்று என்று மூன்றையும் ஒவ்வொன்றாக அடைத்து, போன மாதம் முடித்துவிட்டோம். மீதி இருப்பது வீட்டுக் கடன் மட்டும்தான். 9 சதவீத வட்டி, இன்னும் 13 வருடம் ஓடும். சேமிப்பு என்று கையில் எதுவும் இல்லை. இனி மிச்சமாகும் பணம் முழுவதையும் வீட்டுக் கடனில் போட்டு நான்கே வருடத்தில் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். மகளின் மேற்படிப்புக்குச் சேர்க்கலாம் என்கிறேன் நான். "தவணை கட்டித்தான் பழகிவிட்டீர்களே, அதே தவணையில் ஒரு கார் எடுங்கள்" என்கிறார் அவருடைய அண்ணன். கடன் இருந்தபோதுகூட நாங்கள் இப்படி வாக்குவாதம் செய்ததில்லை. எதை முதலில் செய்வது? ஆறு வருடமாக எதற்கெல்லாம் கடன் வாங்கினோம் என்று எழுதி வைத்த நோட்டின் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அக்காவிடம் கடைசித் தவணையைக் கொடுக்கப் போனபோது, அவர் அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டு "உட்காருடி" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆறு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். அடுத்து என்ன என்று பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் இருவரும் செய்திருப்பது பெரிய காரியம்.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் உங்கள் இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். இதுவரை வீட்டுக் கடனுக்கு 22 பங்கு போனது. மற்ற மூன்று கடன்களுக்கும் சேர்த்து 28 பங்கு போனது. மீதி 50 பங்கில் குடும்பம் நடந்தது. இனி அந்த 28 பங்கு உங்கள் கையில் நிற்கும். உங்கள் வாக்குவாதம் முழுவதும் இந்த 28 பங்கைப் பற்றியதுதான்.

இந்தப் பணத்தை எதில் போடுவது என்று பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. முதலில் கடன் ஏன் வந்தது? அதற்கான பதிலை உங்கள் நோட்டே வைத்திருக்கிறது. அதை அனுப்பியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கடன் முடிந்ததும் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

உங்கள் நோட்டில் மொத்தம் 23 முறை கடன் வாங்கியிருக்கிறீர்கள். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பள்ளி திறக்கும் மாதக் கட்டணத்துக்கு 6 முறை. காப்பீட்டு பிரீமியத்துக்கு 4 முறை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு 4 முறை. வண்டி பழுதுக்கு 3 முறை. வீட்டு ரிப்பேருக்கு 2 முறை. மருத்துவச் செலவுக்கு 3 முறை. "அவசரம்" என்று மட்டும் எழுதி, எதற்கு என்று எழுதாமல் விட்டது ஒன்று.

இதில் பள்ளிக் கட்டணம் எந்த மாதம் வரும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். பிரீமியத் தேதி பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. வண்டி எந்த நாள் நிற்கும் என்று தெரியாது, ஆனால் வருடத்தில் ஒரு தடவை செலவு வைக்கும் என்று தெரியும். சொல்லாமல் வந்தது என்றால் அந்த மூன்று மருத்துவச் செலவும், காரணம் எழுதாத அந்த ஒன்றும்தான். மற்ற 19 செலவுகளும் வரும் என்று தெரிந்தவை. மாதச் செலவுக் கணக்கில் அவற்றுக்கு இடம் இல்லாததால் ஒவ்வொன்றும் வந்த அன்று கடனாக மாறியது. ஊதாரித்தனம் என்று சொல்ல உங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் உங்களையே நொந்துகொண்டு எழுதியிருந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதைப் பார்க்காமல் 28 பங்கையும் வீட்டுக் கடனிலோ மகள் படிப்பிலோ போட்டால், அடுத்த பள்ளி திறப்பு மாதத்தில் கிரெடிட் கார்டு மறுபடி வெளியே வரும். அங்கே மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். 9 சதவீதக் கடனை அவசரமாக அடைத்துவிட்டு 42 சதவீதக் கடனில் போய் நிற்கிற குடும்பங்களை என் மேஜைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, வருடச் செலவுக்கு ஒரு தனிக் கணக்கு. உங்கள் நோட்டை வைத்தே ஒரு வருடத் தொகை போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கு 40 பங்கு, பிரீமியத்துக்கு 18, வண்டிக்கு 14, விசேஷங்களுக்கு 18, வீட்டு ரிப்பேருக்கு 18. மொத்தம் 108. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9 பங்கு. சம்பளம் வந்த அன்றே இந்த 9 பங்கு அந்தக் கணக்குக்குப் போய்விட வேண்டும். பள்ளி திறக்கும் மாதத்தில் அதிலிருந்து எடுத்துக் கட்டுங்கள். இதை எடுக்கும்போது சேமிப்பு கரைகிறதே என்று மனம் சங்கடப்படக் கூடாது, செலவாவதற்காகவே இருக்கிற பணம் இது. முதல் வருடம் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி திறக்க ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால், அதற்குள் 45 பங்குதான் சேர்ந்திருக்கும். நடுவில் பிரீமியமும் வந்தால் போதாது. அப்போது அடுத்து சொல்லப்போகும் கணக்கிலிருந்து எடுத்துச் சமாளித்துவிட்டு, வரும் மாதங்களில் திருப்பி வையுங்கள்.

அடுத்தது, சொல்லாமல் வரும் செலவுக்கான இருப்பு. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்வது. உங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் வருகிறது, அது ஒரு தெம்பு. ஆனால் கணவரின் ஒப்பந்தம் வருடாவருடம் ஊசலாடுகிறது. அதனால் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். நெருக்கடி வந்தால் வீட்டுச் செலவை 50-லிருந்து 36 வரை இறக்க முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போன ஆறு வருடத்தில் அப்படி நடத்திய மாதங்களும் உண்டு. அதோடு வீட்டுக் கடனுக்கு 22. ஆக ஒரு மாதத்துக்கு 58, நான்கு மாதத்துக்கு 232 பங்கு.

28-ல் 9 போக மீதி 19. அதில் 3 பங்கை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். மீதி 16 பங்கும் இந்த இருப்புக்கு. நான்கு மாதத்துக்குள் ஒரு மாதச் செலவு சேர்ந்துவிடும். 232-ஐத் தொட ஏறக்குறைய பதினைந்து மாதம் ஆகும். இந்தப் பதினைந்து மாதமும் வேறு எந்த இலக்கையும் தொட வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. வீட்டுக் கடனில் கூடுதலாக எதுவும் போட வேண்டாம், மகள் படிப்புக்கும் இப்போது வேண்டாம்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். சம்பளம் வராத வேறொரு வங்கிக் கணக்கில் வையுங்கள், அந்தக் கணக்குக்கு கார்டு வாங்க வேண்டாம். ஒரு மாதச் செலவுக்கு மேல் சேர்ந்ததைத் தேவைப்பட்டால் உடைத்துக்கொள்ளக்கூடிய வைப்புத்தொகையாக மாற்றலாம். பங்குச் சந்தையில் வேண்டாம். வேலை போகிற காலமும் சந்தை இறங்குகிற காலமும் பல நேரம் ஒன்றாகவே வருகின்றன. உங்களுக்குப் பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் மாதத்தில் அது பாதியாகிப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. பழைய தவணைகள் எந்தத் தேதியில் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டனவோ, அதே தேதியில், அதே தொகை, இந்த இரண்டு கணக்குகளுக்கும் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சம்பளத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். கடன் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாதம் 20 பங்குக்கு மேல் மிச்சமாகியிருக்க வேண்டும், கணக்கில் இருந்ததோ ஒரு மாதத்துப் பணம்கூட இல்லை. பெரிதாக எதுவும் வாங்கவில்லை. கொஞ்சம் நல்ல செருப்பு, இரண்டு முறை வெளியே போனது, போன் மாற்றியது, யாருக்கோ உதவியது. எதையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இருபது பங்கு இல்லாமல் வாழப் பழகியிருந்த அந்தக் குடும்பம், ஐந்தே மாதத்தில் அது இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்மணியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. உங்களிடம் இப்போது அந்தப் பழக்கம் சூடாக இருக்கிறது. 72 பங்கில் வாழத் தெரியும். இது ஒரு மாதம் ஆறவிட்டாலும் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

இனி உங்கள் கணவரின் யோசனை. அவருடைய கணக்கு தப்பில்லை. இன்று உங்கள் வீட்டுக் கடனில் மீதி அசல் சுமார் 2,019 பங்கு, அதாவது இருபது மாத வருமானம். 22-ஓடு 28-ஐயும் சேர்த்து மாதம் 50 கட்டினால் நான்கு வருடத்தில் உண்மையாகவே முடிந்துவிடும். இப்போது நீங்கள் கட்டும் 22-ல் 15 பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது, அசலில் 7 கூடக் கழிவதில்லை. அதைப் பார்த்து அவருக்கு மனம் கொதிப்பது நியாயம்தான்.

ஆனால் வீட்டுக் கடனில் போட்ட பணம் திரும்பி வராது. மூன்றாவது வருடத்தில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால், "இவ்வளவு முன்கூட்டியே கட்டியிருக்கிறேனே, நான்கு மாதம் பொறுங்கள்" என்று வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. இன்னொன்றையும் அவரோடு சேர்ந்து காலண்டரில் பாருங்கள். நான்கு வருடம் கழித்து, அந்தக் கடன் முடிகிற அதே நேரத்தில், மகளுக்கு 18 வயது. வீட்டுப் பத்திரம் கையில் இருக்கும், கல்லூரியில் கட்டப் பணம் இருக்காது. திரும்பவும் கடன்தான், அதுவும் அநேகமாக வீட்டுக் கடனைவிடக் கூடின வட்டியில்.

அதற்காக அவருடைய ஆசையைத் தள்ளிவிட வேண்டாம். பதினைந்து மாதம் கழித்து இருப்பு நிறைந்ததும், அந்த 16 பங்கு விடுதலையாகும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: மகள் படிப்புக்கு 8, கணவரின் ஓய்வுக் காலத்துக்கு 4, வீட்டுக் கடனில் கூடுதலாக 4. வெறும் 4 பங்கு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அன்றிலிருந்து மாதம் 22-க்குப் பதில் 26 கட்டினால், கடன் 34 மாதம் முன்னதாக முடியும், வட்டியில் மட்டும் மூன்று மாத வருமானத்துக்கு மேல் மிஞ்சும். கூடுதலாகக் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள். சில இடங்களில் சொல்லாவிட்டால் தவணையைக் குறைத்துவிடுவார்கள், அப்போது லாபம் பெருமளவு போய்விடும். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் படிப்புக்கு அப்போது 33 மாதம் இருக்கும். மாதம் 8 என்றால் வட்டி இல்லாமலே 264 பங்கு. முழுப் படிப்புக்கும் இது போதாமல் போகலாம், முதல் வருடங்களைத் தாங்கும். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் என்பதால் இதையும் சந்தையில் விட வேண்டாம். மகனுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. வருட ஏற்றம் எவ்வளவோ அதால் 72-ஐ வகுத்தால், எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். 1494-ல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி எழுதி வைத்த வழி இது, இன்றும் நாங்கள் தினமும் இதைத்தான் போடுகிறோம். படிப்புச் செலவு வருடம் 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வருடத்தில் இரண்டு மடங்கு. அதாவது மகளுக்கு இன்று கேட்கிற கட்டணத்தைப் போல இரண்டு பங்கு, மகன் கல்லூரிக்குப் போகும்போது. அவனுடைய பணத்துக்குக் காலம் இருப்பதால் அதில் ஒரு பகுதியைச் சந்தை சார்ந்த திட்டங்களில் நிதானமாகச் சேர்க்கலாம்.

அவனுக்கு எங்கிருந்து எடுப்பது? சம்பள உயர்விலிருந்து. இதற்கு ஒரு வழியைப் பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் வெளியிட்டார்கள். இன்றைய சம்பளத்திலிருந்து வெட்டச் சொன்னால் யாருக்கும் வலிக்கும். அடுத்த உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டும் என்று இன்றே கையெழுத்துப் போடச் சொன்னால் மனம் ஒத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்தபோது, சேர்ந்தவர்களின் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 40 மாதத்தில் 13.6 சதவீதமாக ஏறியது. நீங்களும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: இனி வரும் எந்த உயர்விலும் பாதி மகனுக்கு.

கணவரின் ஓய்வுக் காலத்துக்கு 4 பங்கு என்று நான் எழுதியதைப் பார்த்து நீங்கள் தயங்கலாம், பிள்ளைகள் இருக்கும்போது இது என்ன என்று. உங்கள் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கு ஏற்கெனவே பிடிக்கிறார்கள், ஒப்பந்த வேலையில் இருக்கும் அவருக்கு யாரும் எதுவும் பிடிப்பதில்லை. 44 வயதில் அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. பதினைந்து வருடம் கழித்து அந்தப் பாரம் உங்கள் மகள்மேல்தான் இறங்கும். அவளுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, கார். அண்ணன் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். தவணை கட்டும் பழக்கம் இருக்கிறது என்பதும் உண்மை. அந்தப் பழக்கத்தை உங்களுக்காகவே முதலில் பயன்படுத்துங்கள். இருப்பு நிறைந்த பிறகும் கார் அவசியம் என்று தோன்றினால், அந்தத் தவணைத் தொகையையும், எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் தொகையையும் சேர்த்து ஒரு வருடம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் முடிந்தால் வாங்கலாம், கையில் முன்பணமும் சேர்ந்திருக்கும்.

கடன் முடிந்தது தெரிந்ததும் உறவில் சிலர் கைமாற்று கேட்டு வரலாம், ஜாமீன் கையெழுத்தும் கேட்கலாம். இந்தப் பதினைந்து மாதத்துக்கு இரண்டுக்கும் முடியாது என்று இருவரும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள். அக்கா மட்டும் விதிவிலக்கு. வட்டி வாங்காமல் இத்தனை வருடம் பணத்தை உங்களிடம் விட்டுவைத்தவர் அவர். விலைவாசி ஏறியதில் அந்தப் பணத்தின் மதிப்பும் குறைந்துதான் அவரிடம் திரும்பியிருக்கிறது. அவருக்கு ஒரு தேவை வந்தால் கணக்குப் பார்க்காதீர்கள்.

காகித வேலைகளையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். தனிநபர் கடனுக்கு நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய தவணைக்காக வங்கியில் கொடுத்திருந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும். கொஞ்ச நாள் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் கார்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதன் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள், மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் வரும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

கடைசியாக அந்த 3 பங்கு. மகள் இரண்டு வருடம் முன்பு பள்ளிச் சுற்றுலா அறிவிப்பை உங்களிடம் காட்டாமலே பையில் வைத்திருந்தாள், துணி துவைக்கும்போதுதான் பார்த்தீர்கள், கேட்டதற்கு "எனக்குப் போகப் பிடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டாள் என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வயதில் அவளும் உங்களோடு அந்தக் கடனைக் கட்டியிருக்கிறாள். இந்த மாதத்திலிருந்து 3 பங்கு சந்தோஷத்துக்கு, யாரும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு நால்வரும் உட்காருங்கள். 23 வரிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்புறம் அடுத்த பள்ளிச் சுற்றுலா எப்போது என்று அவளிடம் கேளுங்கள்.